தூக்கிப் போடும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன் கணினியில் விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது, ‘குறைந்தபட்சத் தேவைகளை இந்தக் கணினி பூர்த்தி செய்யவில்லை’ என்று வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். கணினி பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவரிடம் இருப்பது என்ன பிராசஸர், எந்த வருடம் வாங்கியது, அந்தச் செய்திக்குக் கீழே எந்தெந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி இருந்தது என்று எதுவுமே கேட்காமல் சொன்ன பதில் அது. வைத்தியரிடம் போய் உடம்பு சரியில்லை என்றதும் நாடிகூடப் பார்க்காமல் கையை விரித்த மாதிரி இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாலேயே எழுந்து கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் நிரல், அதைப் பற்றிச் சொல்லியிருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

‘பூர்த்தி செய்யவில்லை’ என்ற அந்த ஒரே வாக்கியம் மூன்று வெவ்வேறு நிலைமைகளில் வருகிறது. கணினிக்குள் வசதி இருக்கிறது, யாரோ அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. வசதி இருக்கிறது, ஆனால் அன்றைக்கு விண்டோஸை ஏற்றிக் கொடுத்தவர் பழைய முறையில் ஏற்றிவிட்டதால் அதைப் பயன்படுத்த முடியாமல் கிடக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவதில்தான் கதவு நிஜமாகவே சாத்தியிருக்கிறது, அங்கே பிராசஸரே பட்டியலில் இல்லை. முதல் இரண்டுக்கும் செலவே கிடையாது, ஒரு நாள் பொறுமையும் கொஞ்சம் கவனமும் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே எத்தனையோ பேர் நல்ல கணினியைக் கழித்துக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

தேவைகள் என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோராவது உள்ள 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டைரக்ட்எக்ஸ் 12 தெரிந்த கிராபிக்ஸ். இதெல்லாம் பத்து வருடப் பழைய கணினியில்கூட இருக்கும், இதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. மாட்ட வைப்பவை மூன்று: டிபிஎம் 2.0, செக்யூர் பூட், அப்புறம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பிராசஸர் பட்டியல். டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டகம் மாதிரி. செக்யூர் பூட் என்பது கணினி எழுந்திருக்கும்போதே, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, வேறு எந்தக் கள்ள நிரலும் முந்திக்கொண்டு உட்காராமல் பார்த்துக்கொள்ளும் காவல். இரண்டும் நல்ல விஷயங்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 பற்றிய அறிவிப்பு வந்ததும் ஆளாளுக்குத் தனி டிபிஎம் அட்டைகளைத் தேடி அலைந்தது நினைவிருக்கும், அவற்றின் விலையும் கண்டபடி ஏறியது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இருந்திருக்காது. இன்டெல் பிராசஸர் உள்ள மதர்போர்டுகளில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி பிராசஸர் உள்ள போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அதே வேலையைச் செய்யும் டிபிஎம் உள்ளேயே இருந்தது. தனித்தனியாக வாங்கிக் கோர்த்த கணினிகளில் அதை அணைத்த நிலையிலேயே அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த சோதனைச் செயலியும் உங்கள் கணினியில் ஓடாது என்று மட்டும் சொன்னதே தவிர, எதனால் என்று சொல்லவில்லை. புகார்கள் குவிந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காரணத்தையும் சேர்த்துச் சொல்லும்படி செப்டம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் அது ‘இந்தக் கணினி செக்யூர் பூட்டை ஆதரிக்க வேண்டும்’ என்றுதான் சொல்கிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? ஆதரிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். அணைந்திருக்கிறது, பயாஸில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எவ்வளவு பேர் தப்பித்திருப்பார்கள்.

என் மேஜைக் கணினியின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாசகருடையதும் இதே கதையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

2018-ல் கோர்த்து வாங்கியது, ஐ5-8400 பிராசஸர், அதாவது இன்டெல்லின் 8ஆம் தலைமுறை, பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் சோதனைச் செயலியில் இரண்டு சிவப்புக் குறிகள். டிபிஎம் இல்லை, செக்யூர் பூட் இல்லை. பார்க்கச் சொல்லிக் கொண்டுபோன இடத்தில் மதர்போர்டை மாற்ற வேண்டும், மாற்றினால் இந்த பிராசஸருக்கு ஏற்ற போர்டு இப்போது கிடைக்காது, அதனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு சந்தேகத்தில் மறுபடி ஆன் செய்து, எழுந்திருக்கும்போதே டெலீட் விசையைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள், சிலதில் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ், சிலதில் மேம்பட்ட அமைப்புகளின் கீழ். எனக்கு மூன்றாவது பக்கத்தின் அடியில் பிடிடி என்று இருந்தது, பக்கத்திலேயே அணைக்கப்பட்டுள்ளது என்றும் இருந்தது. அதைப் போட்டுச் சேமித்து வெளியே வந்து, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி டிபிஎம்.எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தால், டிபிஎம் தயாராக இருக்கிறது, பதிப்பு 2.0 என்று வந்தது. ஐந்து நிமிட வேலை. அதற்காகத்தான் ஒரு முழுக் கணினியை மாற்றச் சொன்னார்கள்.

செக்யூர் பூட் அவ்வளவு லேசாக முடியவில்லை, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என் கணினியில் விண்டோஸ் 10-ஐ ஏற்றியவர் பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற வட்டு அமைப்பில் ஏற்றியிருந்தார். செக்யூர் பூட் வேலை செய்ய, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறை வேண்டும், அதற்கு வட்டு ஜிபிடி என்ற புதிய அமைப்பில் இருக்க வேண்டும். விஷயம் தெரியாதவர்கள் இந்த இடத்தில் பயாஸில் போய் நேராக யூஇஎஃப்ஐ-க்கு மாற்றிவிடுகிறார்கள், உடனே கணினி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, பூட் செய்ய எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுகிறார்கள். அழிக்கத் தேவையில்லை. பயாஸில் பழைய முறைக்கே திருப்பி வைத்தால் கணினி முன்போலவே எழுந்துவிடும். முதலில் வட்டை மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் பயாஸில் முறையை மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் சிக்கல்.

வட்டை மாற்ற விண்டோஸ் 10-க்குள்ளேயே, 2017-ல் வந்த 1703 பதிப்பிலிருந்து, எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது. கோப்புகளை அழிக்காமலேயே அமைப்பை மாற்றித் தரும். நிர்வாகி அனுமதியோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து முதலில் சரிபார்ப்பு மட்டும் ஓட்டச் சொல்ல வேண்டும், அது சரி என்றால் மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். எனக்குச் சரிபார்ப்பிலேயே தோற்றுவிட்டது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தக் கருவிக்கு வட்டில் மூன்று முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இருக்கக் கூடாது, நீட்டிக்கப்பட்ட பிரிவு என்று ஒன்று இருக்கவே கூடாது. எனக்கோ சி டிரைவ் போக டி, இ என்று இரண்டு, இரண்டுமே நீட்டிக்கப்பட்ட பிரிவுக்குள். கோர்த்துத் தரும் கணினிகளில் இப்படிப் பிரித்துத் தருவது வழக்கம் என்பதால் நிறையப் பேருக்கு இதே இடத்தில்தான் நிற்கும். டி-யிலும் இ-யிலும் இருந்ததையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவைத்தேன், சரியாகப் போயிருக்கிறதா என்று சில பெரிய கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன், அப்புறம் அந்தப் பிரிவுகளை நீக்கினேன். மறுபடி சரிபார்ப்பு ஓட்டியதும் தேறிவிட்டது. மாற்றும் வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு பயாஸில் பழைய முறையை அணைத்து யூஇஎஃப்ஐ, அதற்கப்புறம் செக்யூர் பூட், அதில் தயாரிப்பாளரின் சாவிகளை ஏற்றட்டுமா என்று கேட்டது, சரி என்றேன். விண்டோஸ் வழக்கம்போல எழுந்தது. நீக்கிய இரண்டு பிரிவுகளையும் மறுபடி உருவாக்கிக் கோப்புகளைத் திருப்பி வைத்தேன். சோதனைச் செயலியில் எல்லாமே பச்சை.

இதில் ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டால் நான் பாவம் செய்தவன் ஆவேன். வட்டில் இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ சாதனக் குறியாக்கமோ போட்டிருந்தால், பயாஸில் கை வைப்பதற்கு முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். குறிப்பாக மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு வந்தவற்றில், நமக்கே தெரியாமல் அது போட்டிருக்கலாம். நிறுத்தாமல் டிபிஎம் அமைப்பை மாற்றினால் அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது, குடும்பப் படங்கள் உட்பட. எஃப்டிபிஎம் உள்ள ஏஎம்டி கணினிகளில் பயாஸைப் புதுப்பித்தாலே உள்ளே இருக்கும் சாவிகள் அழிந்துவிட வாய்ப்பு உண்டு. முதலில் சாவியைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் மற்ற வேலை.

ஏற்றும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருந்தன. பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-ஐ 32 பிட்டில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இப்படி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே மேம்படுத்தும் வழி கிடையாது, விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லாததால் அவர்கள் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். இன்னொன்று, 4 ஜிபி ரேம் போதும் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், 8 ஆவது வேண்டும். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளாமல் ஏற்றவே வேண்டாம். தேவைப் பட்டியலில் எஸ்எஸ்டி கட்டாயம் இல்லை, ஆனால் அது இல்லாமல் ஏற்றினால் கணினியைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

சரி, இனி மூன்றாவது நிலைமை, பிராசஸரே பட்டியலில் இல்லாதவர்கள். இதுதான் என்னை அதிகம் வருத்துவது.

என் அக்காவிடம் ஒரு மடிக்கணினி இருக்கிறது. ஐ5-6200யூ, 6ஆம் தலைமுறை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டது, டிபிஎம் 2.0 இருக்கிறது, செக்யூர் பூட் இருக்கிறது, எல்லாமே பச்சை, பிராசஸர் மட்டும் சிவப்பு. “இதுல என்னடா குறை, நல்லாத்தானே ஓடுது?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் செய்யும் வேலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பட்டியல் எப்படி என்றால், இன்டெல்லில் 2017-ல் வந்த 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து. பெயரிலேயே கண்டுபிடிக்கலாம், ஐ5-க்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண் 8 என்றோ 9 என்றோ தொடங்கினால் கவலை இல்லை, 7, 6 என்றால் வெளியே. ஏஎம்டியில் மட்டும் பெயரை நம்பக் கூடாது, 2200ஜி, 2400ஜி போன்றவற்றின் எண் 2000 வரிசை போல இருந்தாலும் உள்ளே இருப்பது முந்தைய வடிவமைப்பு, பட்டியலில் இல்லை.

ஏன் இந்தக் கோடு என்று கேட்டால், நிறுவனம் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று பிராசஸரின் அடிப்படை வடிவமைப்பிலேயே ஓட்டைகள் இருப்பது வெளியே வந்தது, அதற்கு முந்தைய சிப்புகளை மென்பொருளால் ஒட்டுப்போட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. விண்டோஸ் 11-ன் நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு, இயங்குதளத்தின் மையத்துக்குள் நுழையும் நிரல்களைத் தனியாக வைத்துச் சோதிக்கிறது. அதற்கு உதவும் வசதி சிப்பிலேயே இருந்தால் வேகம் குறையாது, இல்லையென்றால் குறையும். தகுதி இல்லாத கணினிகளில் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது மையப் பகுதியின் கோளாறால் நின்றுபோவது 52 சதவீதம் அதிகமாக இருந்தது என்றும் 2021 ஆகஸ்டில் சொன்னார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த வேகக் குறைவைத் தவிர்க்கும் வசதி இன்டெல்லில் 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது, 7ஆம் தலைமுறை வெளியே நிற்கிறது. ஏஎம்டியில் அது ரைசன் 3000 வரிசையில்தான் வந்தது, ஆனால் ரைசன் 2000 உள்ளே இருக்கிறது. அதோடு 7ஆம் தலைமுறையில் ஐ7-7820எச்க்யூ உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் பிறகு விலக்குக் கொடுத்தார்கள், அந்த 7820எச்க்யூ மைக்ரோசாஃப்ட்டே அப்போது விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருந்த சிப். கோடு எங்காவது ஓரிடத்தில் போடத்தான் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் கணினிக்கு ஒரு விலக்கு உண்டு, அடுத்தவர் கணினிக்குக் கிடையாது என்று வரும்போது, பாதுகாப்புக்காக மட்டும்தான் இந்தக் கோடு என்பதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு என்ன வழி? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அன்றோடு கணினி நின்றுவிடும் என்று பயந்தவர்கள் பலர், அப்படி எதுவும் ஆகாது, நன்றாகவே ஓடும். பாதுகாப்பு ஒட்டுகள், அதாவது ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள், வருவது மட்டும் நின்றுபோகும், அந்த ஆபத்து நாளாக ஆகத்தான் கூடும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கள்ள நிரல் வந்தபோது நடந்ததை மறக்க முடியாது. அந்த ஓட்டைக்கான ஒட்டு இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சில், வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். ஒட்டே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உடனடி வழி, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற திட்டம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒட்டுகள் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். கணினி விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ல் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கட்டணம் கட்டியும் சேரலாம், கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு பேக்கப் செய்யச் சம்மதித்தால் கட்டணம் இல்லாமலும் சேரலாம், மைக்ரோசாஃப்ட் பரிசாகத் தரும் ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம் வைத்திருந்தால் அதைக் கொடுத்தும் சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான இணைப்பு வரும். முக்கியமான பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும்தான், புது வசதி எதுவும் வராது. ஆனாலும் அவசரத்தில் புதுக் கணினி வாங்குவதைத் தள்ளிப்போட இது போதும். உங்கள் பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்றுதான் எனக்குக் கோபமே வந்தது.

சோதனையைத் தாண்டிப்போய் விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகளும் இருக்கின்றன. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பைச் சேர்த்தால் டிபிஎம் 1.2 இருந்தாலும் பிராசஸர் பட்டியலில் இல்லாவிட்டாலும் மேம்படுத்திக்கொள்ள விடும் என்று மைக்ரோசாஃப்ட்டே ஒரு காலத்தில் தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென் டிரைவ் தயாரித்தாலும் அந்தச் சோதனைகள் வராது. வேலை செய்யுமா என்றால் செய்யும். மாதாந்தர ஒட்டுகளும் பொதுவாக வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு தடவையும் நாமே இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு நாள் கதவு மொத்தமாகவும் சாத்தப்படலாம், 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் அப்படித்தான் ஆனது. பாப்கவுண்ட் என்ற கட்டளை தெரியாத கோர் 2 காலத்துப் பழைய இன்டெல் சிப்புகளில் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது, எந்தக் குறுக்கு வழியும் அங்கே செல்லாது.

என் கருத்து இது: தன் கணினியைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர், பேக்கப் ஒழுங்காக எடுப்பவர், இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் அடுத்தவர் கணினியில் செய்து கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்றே தெரியாது, பிறகு ஒரு நாள் பதிப்பு காலாவதியாகி ஒட்டுகள் நிற்கும்போதும் தெரியாது. விண்டோஸ் 11 இருக்கிறது, நான் பத்திரமாக இருக்கிறேன் என்ற தவறான தைரியத்தில் அவரை விட்டுவிட்டுப் போவது விண்டோஸ் 10-லேயே விடுவதைவிட மோசம். அக்காவின் மடிக்கணினியில் நான் அதைச் செய்யாததற்கு இதுதான் காரணம்.

அவளுடையதில் இரண்டு வேலை செய்தேன். முதலில் விண்டோஸ் 10-ஐ அந்த நீட்டிப்பில் சேர்த்தேன். அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, வட்டில் எதையும் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். இது லினக்ஸில் இருக்கும் பெரிய வசதி, ஏற்றுவதற்கு முன்னாலேயே வைஃபை பிடிக்கிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்படியே ஓட்டிவிட்டுச் சரி என்றாள். எஸ்எஸ்டியில் பாதி இடத்தைப் பிரித்து ஏற்றிக் கொடுத்தேன். மின்ட் 22 பதிப்புக்கு 2029 வரை ஒட்டுகள் வரும். அவளுக்கு வேண்டியது பிரவுசர், வீடியோ அழைப்பு, கடிதம் எழுத லிபர்ஆஃபிஸ், படங்கள். எல்லாம் ஓடுகிறது.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் தினமும் போன் வந்தது, ‘அந்தக் கோப்பு எங்கே போச்சு’, ‘இதை எப்படிடா மூடுறது’ என்று. அவள் வைத்திருக்கும் பழைய கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதற்காக மாதம் ஒரு முறை விண்டோஸ் 10 பக்கம் போகிறாள், அந்தப் பக்கம் பிரவுசரைத் திறப்பதே இல்லை என்று பழகிக்கொண்டாள். நீட்டிப்பு முடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் இணையத்தையே துண்டித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அலுவலக வேலைக்காக ஒரு குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைத் தினமும் நம்பியிருப்பவருக்கும், ஏமாற்றுத் தடுப்பு உள்ள இணைய விளையாட்டுகளை ஆடுபவருக்கும் லினக்ஸ் சரிப்பட்டு வராது, அவர்களிடம் போய் அதைத் திணிக்கக் கூடாது. அவர்கள் புதிதாக வாங்கினால் அதில் தப்பே இல்லை. காரணம் தெரிந்து வாங்குகிறார்கள்.

விண்டோஸ் 10-லிருந்து மேலே போக முடியாத கணினிகள் 24 கோடி இருக்கலாம் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் கணித்தது. 2022-ல் மட்டும் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் உள்ளது கால்வாசிக்கும் குறைவு என்று ஐநாவின் அறிக்கை சொல்கிறது. மதர்போர்டில் ஈயம் இருக்கிறது, பழைய திரைகளில் பாதரசம் இருக்கிறது, எரித்தால் புகை, புதைத்தால் நிலத்தடி நீர். அணைந்திருந்த ஒரு பொத்தானுக்காக ஒரு கணினி அந்தக் குவியலில் போய்ச் சேர்வதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாசகருக்கு அடுத்த வாரம் மறுபடி ஒரு பதில் போடுங்கள். பிராசஸரின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள், அது பட்டியலில் இருந்தால் கணினி தப்பித்தது, மீதி பெரும்பாலும் பயாஸிலும் வட்டு அமைப்பிலும் சரிசெய்யக்கூடியவை. டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு வரிகள் மட்டும் சிவப்பாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிட்லாக்கர் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லையென்றால் நீட்டிப்பில் சேர்ந்துகொண்டு நிதானமாக யோசிக்கச் சொல்லுங்கள். அவர் ஒருவேளை இதற்குள் புதிதாக வாங்கியிருந்தால், பழையதை எடைக்குப் போட்டுவிடாமல் மேலே சொன்னபடி ஒரு முறை பார்த்துவிட்டு, தேறினால் தேவைப்படும் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் வட்டில் இருக்கும் தன் கோப்புகளை முழுசாக அழித்துவிடவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்